கடைசி சீன்லதான் சேரணும்

டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குக் கால்தான் வலிக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், வலிப்பது தொண்டை. நீங்களும் பிள்ளைகளுக்கு எதையாவது கற்றுக் கொடுத்துப் பிழைப்பவர் என்றால் நான் சொல்வது விளங்கும். பிள்ளைகளிடம் கத்துவது பாதி வேலை, பெற்றோரிடம் தணிந்து பேசுவது மீதி. நிவித்திகல டவுனில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் கிளாஸ் நடத்துகிறேன். பிறந்தது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். சிங்களப் பாட்டுக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் ஆட வைப்பேன் என்று யாரோ சொல்லித்தான் கொழும்பிலிருந்து அந்த சினிமாக் கூட்டம் என்னைத் தேடி வந்தது.

அவர்கள் எடுக்க வந்தது ஒரு சிங்களப் படம். எழுபதுகளில் நடக்கிற சிரிப்புக் கதை. பெல்பொட்டம், பூப்போட்ட சட்டை, ரெட்டைச் சடை, ரிப்பன். டவுன் பள்ளிக்கூடத்துச் சிங்களப் பிள்ளைகள் மண்டபத்தில் ஆடுவார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். லெட்சுமி என்று ஒருத்தி ஜன்னல் ஏறி உள்ளே குதிப்பாள். ஏகப்பட்ட ரகளைக்குப் பிறகு, கடைசி சீனில் எல்லாரும் சேர்ந்து ஆடுவார்கள். கதையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் ஆட டவுனிலிருந்து பாதிப் பேர், தோட்டத்திலிருந்து பாதிப் பேர் என்று பிள்ளைகளைப் பிடித்துப் பழக்குவது என் பொறுப்பு. ஒத்துக்கொண்டேன். அன்றோடு என் நிம்மதி போனது.

வரிசை

என் கிளாஸில் தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் வருவார்கள், அவர்களுக்கு பஸ் அப்போதுதான். டவுன் பிள்ளைகள் பின்னேரம். அதனால் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் நின்றது முதல் ஒத்திகை அன்றுதான். "வந்து நில்லுங்க" என்றேன். யாரும் சொல்லாமலே டவுன் பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பின்னால் போய்ச் சுவரோடு சுவராக நின்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கலந்து நிறுத்தினேன். உதவி டிரெக்டர் ருவன் ஓடி வந்தார். இப்போதே கலக்காதீர்கள், கடைசி சீனில்தான் சேர வேண்டும் என்றார். "இது கடைசி சீனுக்கான ஒத்திகைதானே?" என்றேன். அவர் சிங்களத்தில் சொன்னார்: "அது ஷூட்டிங் அன்னிக்குப் பாத்துக்குவோம் மிஸ். அதுவரைக்கும் பழகின இடத்துலயே நிக்கட்டும்."

பவுடர்

தோட்டத்துப் பெண் லெட்சுமியாக நடிக்க வந்தவள் கொழும்புப் பிள்ளை, பெயர் சந்துனி. தங்கமான பிள்ளை, ஆனால் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்டெப்பும் மெதுவாகத்தான் ஏறும். என் கிளாஸில் நன்றாக ஆடுகிறவள் கவிதா, தோட்டத்துப் பிள்ளை. அவள் கூட்டத்தில் ஆட வந்திருந்தாள்.

ஷூட்டிங் தொடங்கியதும் மேக்கப்காரர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். சந்துனி வெள்ளையாக இருக்கிறாளாம், தோட்டத்துப் பிள்ளை என்று நம்ப மாட்டார்களாம். அவளுக்குக் கறுப்பு பூசினார். கவிதா கறுப்பாக இருக்கிறாளாம், கேமராவில் முகம் விழாதாம். அவளுக்கு வெள்ளை பூசினார். நான் கதவுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கவிதா கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்: "மிஸ், எங்க ரெண்டு பேரையும் மாத்தி நடிக்க வெச்சா பவுடரே வேணாமே?"

அம்மாமார்

கடைசிப் பாட்டில் கவிதாவுக்கு ஜோடி தினுக்க. டவுனில் மருந்துக்கடை வைத்திருப்பவரின் மகன். இருவரும் கை பிடித்து ஆட வேண்டும். செய்தி எப்படிப் போனதோ, ஒரே பின்னேரத்தில் இரண்டு அம்மாக்களும் என் மாடிப்படி ஏறி வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தினுக்கவின் அம்மா முதலில் ஆரம்பித்தார்: "அனே மிஸ், கையப் புடிக்காம ஆடுற மாதிரி ஒரு ஸ்டெப் இல்லையா?" அது முடியுமுன் கவிதாவின் அம்மா: "ஏங்க டீச்சர், கையப் புடிக்காம ஆட முடியாதுங்களா? லயத்துல கண்டபடி பேசுவாங்க."

அந்தப் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கதையைச் சொன்னேன், இந்தப் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். கையைப் பிடிக்காவிட்டால் கதையே இல்லை என்றேன். நான் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவிதாவின் அம்மா நல்ல சிங்களத்தில் பேச்சைத் தொடங்கினார். பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, எந்நேரமும் போன். இருவருக்கும் ஒரே கவலை. கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள்: ஒரு கைக்குட்டையை ஆளுக்கொரு முனையில் பிடித்து ஆடட்டும். முடியவே முடியாது என்றேன். கவிதாவின் அம்மா எழுந்து, மற்றவரைப் பார்த்துச் சிங்களத்திலேயே சொன்னார்: "விடுங்கக்கா, இந்த மிஸ்ஸுக்கு ரெண்டு பாஷையில சொல்லியும் வெளங்கல."

கடைசி சீன்

டவுன் மண்டபம் அந்த ஒரு நாளைக்குத்தான் எங்களுக்கு. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாட்டே கேட்காது. ஒரு தடவை ஆடிப் பார்த்தோம். டிரெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கவிதாவைப் பின்னால் போடுங்கள், எல்லார் கண்ணும் அவளிடமே போகிறது, கதாநாயகி தெரிவதில்லை என்றார். எப்படிச் சொல்வது? சொன்னேன். கவிதா அழவில்லை. ரிப்பனை அவிழ்த்து என் கையில் வைத்தாள். "பின்னால நிக்கிறதுன்னா நான் எதுக்கு மிஸ் உள்ள வந்தேன்?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் முழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள்.

பாதி மண்டபம் காலி. வாசலுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடியும் ஓடினேன். டிரெக்டர் இருக்கிற பிள்ளைகளை வைத்து எடுக்கலாம் என்று பாட்டைப் போடச் சொன்னார். தினுக்க மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். உனக்கு என்ன வந்தது என்று அவர் சத்தம் போட்டார். அவன் நிதானமாகச் சிங்களத்தில் கேட்டான்: "அவங்க இல்லாம இது எப்படி சேர்ற சீன் ஆகும் சார்? நாங்க எங்களோடயே சேர்றதா?"

புது அட்மிஷன்

டிரெக்டரே பஸ் நிற்கிற ஹோல்ட் வரைக்கும் போய் கவிதாவையும் மற்றப் பிள்ளைகளையும் அழைத்து வந்தார். கவிதா முன்வரிசையில்தான் ஆடினாள். முதல் தூறலுக்குள் எடுத்து முடித்தோம். படத்திலும் அவளை வெட்டவில்லை. படம் வந்த பிறகு கிளாஸில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இப்போது காலை, பின்னேரம் என்ற பிரிவு இல்லை, எல்லாரும் காலையிலேயே வருகிறார்கள், கவிதா சனிக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள்.

போன சனிக்கிழமை ஒரு தகப்பன், கழுத்தில் கனத்த சங்கிலி, சின்ன மகளோடு வந்தார். படத்தைப் பார்த்து மகள் ஒரே பிடிவாதமாம். கவிதாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுடைய சிங்களத்தைக் கேட்டு அவளையும் டவுன் சிங்களப் பிள்ளை என்றே நினைத்துவிட்டார். குரலைத் தணித்து, "இங்க தமிழ்ப் பிள்ளைகளும் வருவாங்களா?" என்று விசாரித்தார். உள்ளறையிலிருந்த எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வெளியே வருமுன், மகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள். கவிதா அதே சுத்தமான சிங்களத்தில் சொன்னாள்: "வராம என்னங்க? சொல்லிக் குடுக்கிறதே நாங்கதான்."

சினிமாவில் எல்லாரையும் சேர்த்து ஆட வைக்க ஒரு பாட்டு போதும். டவுனில் ஒவ்வொரு புது அட்மிஷனுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.