மாமாவின் ரம்பத்துக்குக் காது கொடுத்தேன்

எனக்குப் பத்து வயதானபோது, வாகட் என்ற வெளியூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் துணி காயப்போட இடம் கிடையாது. அங்கே மாமாவின் நான்கு பழைய மெஷின் ரம்பங்கள் இருந்தன. பெட்ரோலில் ஓடி மரம் அறுப்பவை. மாமா அம்மாவின் தம்பி. கோயமுத்தூரிலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒரு தொழிற்சாலையில் இன்ஜின்களை நாள் முழுக்க ஓடவிட்டுச் சோதிக்கும் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல இது ஓடட்டும்" என்பார்.

இது என்பது நான்காவது ரம்பம். கட்கியில் ஒரு பங்கார் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், இரும்புக் குவியலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்தது. மாமாவைவிட வயதில் மூத்தது. என்னால் தூக்கக்கூட முடியாது. எட்டு மாதம் அதைக் கழற்றுவதும் துரு தேய்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். ஓட்டிப் பார்க்க எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரெட்டரி மொட்டை மாடியில் ஞாயிறு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அனுமதி கொடுத்திருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு மாமா என்னை மட்டும்தான் அழைத்துப் போவார். காதில் பஞ்சு வைத்துப் பத்தடி தள்ளி நிறுத்துவார்.

"முடுக்குறப்ப கரகரன்னு விட்டு விட்டு வந்தா சரி. கீச்சுன்னு ஒரே குரல்ல ஏறுச்சுன்னா ஒடனே கையத் தூக்கிரு கண்ணு. பெட்ரோலும் ஆயிலும் பத்தலைன்னு அர்த்தம். உள்ள உரசிப் பிடிச்சுக்கும்."

ஒரு திருகைக் கொஞ்சம் திருப்புவார், முடுக்குவார், என் முகத்தைப் பார்ப்பார். நீதிபதி மாதிரி நிற்பேன்.

ஒரு ஞாயிறு, கீழே நீச்சல் குளத்தில் தோழிகள் காத்திருந்தார்கள். ரம்பம் கீச்சென்று ஏறியது. தெளிவாகக் கேட்டது. கையைத் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார், குளம் போய்விடும். சரி என்று தலையாட்டினேன். மாமா இன்னும் முடுக்கினார். ரம்பம் ஒரு உதறலோடு நின்றுபோனது. திறந்து பார்த்தால், பிஸ்டன் முழுக்க நகத்தால் பிறாண்டியது போலக் கீறல்.

"சத்தம் எப்பிடிக் கண்ணு இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு மாமா."

குளத்துக்குப் போனேன். நீந்தத் தோன்றவில்லை. சாயங்காலம் அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"சரி. இனிமே சொல்லிரு" என்றார். அவ்வளவுதான்.

அந்த பிஸ்டன் எங்கும் கிடைக்கவில்லை. மாமா பஸ் பஸ்ஸாக ஏறிப் பழைய சாமான் கடைகளில் தேடினார். கடைசியில் வேறொரு மெஷினின் பிஸ்டனை வாங்கி லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்தார். மூன்று மாதம் ஆனது. ஓட்டும் நாளில் அப்பா தானும் வருவதாகச் சொன்னார். மாமா வேண்டாம் என்று என்னையே கூப்பிட்டார். கெடுத்தவளையே கூப்பிடுகிறாரே என்று எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ரம்பம் கீச்சிட்டது. இரண்டு கையையும் தூக்கினேன். திருகினார். மறுபடி கீச்சிட்டது. மறுபடி தூக்கினேன். நாலாவது தடவை கரகரவென்று வந்தது. தலையாட்டினேன். மழையில் ஒடிந்து விழுந்த குல்மோஹர் கிளை ஒன்றை மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். ரம்பம் அதில் வெண்ணெயில் போவது போல இறங்கியது. எங்கள் கால்களெல்லாம் மரத்தூள்.

மெஷினை நிறுத்திவிட்டு மாமா குனிந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கை தூக்கியதையெல்லாம் பார்த்தபடி படிக்கட்டுக் கதவருகே அம்மா டீயோடு நின்றிருந்தாள்.

"தம்பி, டீ." மாமா திரும்பவில்லை. "தம்பி." அம்மா பக்கத்தில் வந்து மூன்றாவது முறையும் கூப்பிட்டாள். நான் அவர் சட்டையை இழுத்தேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "எத்தன நாளா நீ கேட்டுச் சொல்ற?"

"மொதல்ல இருந்தே" என்றேன்.

அம்மாவின் கண்ணில் நீர் நின்றது. ரம்பம் ஓடிவிட்ட சந்தோஷம் என்று நினைத்தேன். தொழிற்சாலைச் சத்தம் மாமாவின் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது, அதை அவர் எல்லோரிடமும் மறைத்திருந்தார், ஏன் என்று கேட்கத் தெரியாத ஒரே ஆள் வீட்டில் நான்தான் என்பதெல்லாம் புரியப் பல வருடம் ஆனது. மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் சொசைட்டியிலேயே கூர்மையான காது எனக்குத்தான் என்று.