வாயைக் கட்டி ஆடிய சனிக்கிழமை

எனக்கு நாற்பத்து மூன்று வயது. தாராவியில் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். வாரக்கடைசியில் ஃபுட்பால் அணிக்குக் கோல்கீப்பர். உயரம் கிடையாது. முட்டி இரண்டும் படியேறும்போதே முனகும். பந்து கொஞ்சம் தள்ளிப் போனால் கண்ணால் மட்டும்தான் துரத்துவேன். அப்படியும் எட்டு வருடமாக என்னை யாராலும் அசைக்க முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் என் தொண்டை. வரிசையாகத் தையல் மிஷின் ஓடும் சத்தத்தை மீறிக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது.

கோலில் நிற்பவனுக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும். யாரை விட்டுவிட்டோம், எந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது என்று நான் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல மற்றவர்கள் ஆடுவார்கள். தமிழில்தான் சொல்வேன், அதுவும் எங்கள் திருநெல்வேலித் தமிழில். எதிரணிக்காரன் மராத்திக்காரனோ கோவாக்காரனோ, அவன் காதில் அது வெறும் இரைச்சல். லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகவே பேசிச் சிரிக்கிறவர்கள் நாங்கள். மைதானத்தில் மட்டும் கூச்சப்படுவோமா?

இந்த வருடம் லீக் தொடங்குவதற்கு முந்தின வாரம் கேப்டன் என்னைத் தனியாக அழைத்தான். டெம்போ ஓட்டுகிறவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவனுடைய அத்தை மகன் புதிதாக அணியில் சேர்ந்திருந்தான். அவனும் கோல்கீப்பர். ஆறடிக்குக் குறையாது.

"சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ரெண்டு மேட்ச் இருக்கு, அண்ணாச்சி. சனிக்கிழம நீங்க நில்லுங்க. சரியா வந்துச்சுன்னா சீசன் பூரா நீங்கதான்" என்றான் கேப்டன்.

சரியாக வராவிட்டால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதே உண்மை.

சனிக்கிழமை ஆட்டம் டிராம்பே பக்கத்து மைதானத்தில். எதிரணி அணுசக்தி நகர்ப் பையன்கள். படித்த வீட்டுப் பிள்ளைகள், காலில் பளபளவென்று ஷூ. தங்களுக்குள் "தே நா யார்", "பீச்சே தேக்" என்று இந்தியிலேயே பேசிக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. வலது பக்கம் நின்ற எங்கள் ஆளிடம், "நீ மேல ஏறிப் போலே, பின்னால நான் பாத்துக்கிடுதேன்" என்று கத்தினேன். அவன் நாலடி எடுத்து வைப்பதற்குள் பந்து சரியாக அவன் பின்னால் வந்து விழுந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கோல். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு கார்னர். "நான் வெளிய வாறேன், ஒதுங்குங்கலே. அந்த நெட்டக்கொக்க மட்டும் பிடிச்சுக்கிடுங்க" என்றேன். நெட்டைக்கொக்கு என்று நான் சொன்னது அவர்களுடைய ஒல்லிப் பையனை. வெளியே ஓடி வந்தேன். பந்தை அவன் அலட்டிக்கொள்ளாமல் என் தலைக்கு மேலே தூக்கிப் போட்டான். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது கோல்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் வலது என்றால் பந்து இடது பக்கம் போகிறது. நிற்கச் சொன்னால் தாண்டிப் போகிறது. என் மனசுக்குள் யாரோ புகுந்து உட்கார்ந்திருக்கிறார்களா? அத்தை மகன் கோட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். இவன்தான் ஏதோ ஜாடை காட்டுகிறான் என்று எனக்குள் சந்தேகம் முளைத்துவிட்டது. பாவம், அவன் கொசு அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனை முறைத்த முறைப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஹாஃப் டைமில் முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். நெட்டைக்கொக்கு அங்கே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா, அடியெல்லாம் படலை. வர்றச்சே கறிவேப்பிலை வாங்கிண்டு வரேன். சரி, கொத்தமல்லியும்தான்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவன் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சாரி அங்கிள். எங்க டீம்ல அஞ்சு பேர் தமிழ்தான். உங்க கமெண்ட்ரி ரொம்ப க்ளியரா இருக்கு" என்றான்.

அங்கிள் என்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேப்டனிடம் வந்து சொன்னேன். வேறு பாஷையில் கத்தலாமா என்று யோசித்துப் பார்த்தோம். இந்தி அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மராத்தி எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இங்கிலீஷ் என்றால் அவர்களுக்குப் புரியும், எங்களுக்குத்தான் புரியாது.

"ஒரு சொல்லு வெளிய வரக்கூடாது, அண்ணாச்சி. வாயக் கட்டிட்டு நில்லுங்க" என்றான் கேப்டன்.

நின்றேன். எத்தனையோ தடவை வாய் திறந்தது, கையுறையால் பொத்திக்கொண்டேன். முதலில் எங்கள் ஆட்கள் தடுமாறினார்கள், பின்னாலிருந்து குரல் வருமா என்று காத்திருந்தார்கள். அது வராது என்று தெரிந்ததும் தாங்களே தலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவனுக்கொருவன் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பந்து என் பக்கம் வருவதே குறைந்துபோயிற்று. நாங்கள் ஒரு கோல் போட்டோம். முடிவதற்குச் சற்று முன்னால் இன்னொன்று. ஆட்டம் சமன்.

எல்லோரும் ஓடி வந்து என்னையும் கட்டிப்பிடித்தார்கள். நானும் குதித்தேன், எதற்குக் குதிக்கிறேன் என்று தெரியாமல். எட்டு வருடமாக நான் இவர்களுக்கு வழி காட்டினேனா, வழியை மறித்துக்கொண்டு நின்றேனா? அந்தச் சந்தோஷக் கூச்சலில் யாரிடம் போய் இதைக் கேட்பது?

கேப்டன் ஷூ கழற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு காட்கோபர் டீமு. விசாரிச்சுட்டேன். ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாதாம். தைரியமாக் கத்தலாம்லா?"

அவன் ஷூவுக்குள் இருந்த மண்ணைத் தட்டினான்.

"நாளைக்கு அவனே நிக்கட்டும், அண்ணாச்சி. நீங்க வெளிய உக்காந்து கத்துங்க. அங்க இருந்தும் கேக்கும்" என்றான்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தை மகன் நன்றாகத்தான் பிடித்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். பிறகு காட்கோபர்க்காரன் ஒருவன் இடது பக்கம் தனியாக ஓடுவதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. எழுந்து நின்று, "எடப்பக்கம் பாருலே, ஒருத்தன் வாறான்" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எங்கள் இடது பக்கத்து ஆள் அந்தக் காட்கோபர்க்காரனை ஏற்கெனவே மறித்துக்கொண்டு நின்றிருந்தான். திரும்பிப் பார்க்காமலே, கேட்டுவிட்டது என்பதற்கு எனக்காகக் கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.