கீதா கொண்டுவந்த நைல் நதிக் காபி

நானும் ஓரகத்தி கீதாவும் சேர்ந்துதான் எகிப்துக்குப் போவதாக இருந்தது. மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் நான் சிட்லபாக்கத்திலேயே தங்கிவிட்டேன். கீதா மட்டும் போய்வந்தாள்.

வந்தவள், நைல் நதியில் பாய்மரப் படகு ஓட்டிய நூபிய இனத்துக்காரர் செய்துகாட்டியபடியே, எங்கள் அடுப்பில் பச்சைக் காபிக்கொட்டையை வறுத்து, இஞ்சியோடு இடித்து, மண்குடுவையில் கொதிக்கவைத்தாள். வீடே மணந்தது. எனக்கோ வயிறு எரிந்தது.

"இப்படி ஒரு காபி குடிச்சதே இல்லைம்மா!" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த மாமியார். தினமும் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுப்பவள் நான். விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

கீதா கப்போடு பின்னாலேயே வந்தாள். "அக்கா, போட்ல எல்லாரும் குடிச்சாங்க. பக்கத்துல உங்க சீட் காலியா இருந்துச்சு. எனக்குத் தொண்டையில இறங்கவே இல்ல."

கப்பை வாங்கிக் குடித்தேன். பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும், அன்று இன்னொரு கப் கேட்டது நான்தான்.