வழி சொல்லும் பெட்டி பேசிய மத்தியானம்

பேய், பிசாசு என்று யாராவது கதையை ஆரம்பித்தால் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். கபாலீஸ்வரர் இருக்கிறார், கற்பகாம்பாள் இருக்கிறாள், அதற்கு மேல் மயிலாப்பூரில் வேறு எதற்கும் இடமில்லை என்று நினைத்துக் கொண்டிருந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துக் கொள்ளுங்கள், ஆனால் நடந்ததில் பிழை இல்லை. நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் அதுவும் சரி. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பழைய ஆம்னி. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் நேற்று இருந்த ரோடு இன்று இல்லை, லஸ் பக்கம் ஒரு நாள் ஒருவழி, மறுநாள் அடைப்பு. பிள்ளைகள் லேட்டாக வருகிறார்கள் என்று தாய்மார்கள் சத்தம் போட்டார்கள். சரி என்று போனில் மேப் பார்த்து ஓட்டினால், போனைப் பார்த்துக் கொண்டு ஓட்டுகிறார் என்று அதற்கும் புகார். அதனால் கே.கே. நகரில் எனக்குத் தெரிந்த கார் எலக்ட்ரீஷியன் பாஷா பாயிடம் போனேன். பழைய இரும்புக்கு உடைக்கப் போன ஒரு காரிலிருந்து கழற்றிய வழி சொல்லும் பெட்டி அவரிடம் இருந்தது, டேஷ்போர்டுக்கு உள்ளேயே உட்காருகிற மாதிரி. (அந்தப் பெட்டிக்கு மெட்ரோ பள்ளம் ஒன்றுகூடத் தெரியாது என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அது வேறு கதை.)

"இன்னாண்ணே, இந்த வண்டிக்கு இதா? கெயவிக்கு கூலிங் கிளாஸ் மாட்டுனா மாதிரி இருக்கும்" என்று பாய் சிரித்தார்.

"நீ மாட்டு பாய், கெயவிக்கு கண்ணு தெரியலன்னுதான வந்துகீறேன்" என்றேன்.

ரேடியோ இருந்த ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிசாக்கி உட்கார வைத்தார். ஒயரைக் காட்டி எனக்குப் புரியும்படி சொன்னார். சிவப்பு ஒயர் சாவியில் இருந்து வருகிறது, சாவி போட்டால்தான் பெட்டி முழிக்கும். மஞ்சள் ஒயர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, அது பெட்டியின் ஞாபகத்துக்கு. வண்டி தூங்கினாலும் பெட்டி எதையும் மறக்காமல் இருக்க.

முதல் தடவை சாவி போட்டதும் திரையில் ஒரு வீட்டுப் படம் வந்தது. தொட்டால் கொட்டிவாக்கத்தில் ஒரு தெருவைக் காட்டியது. "பழைய ஓனர் வூடுண்ணே. அழிச்சிடவா?" என்றார் பாய். அன்று வெள்ளிக்கிழமை. வண்டிக்கு அப்போதுதான் பொட்டு வைத்திருந்தேன். நல்ல நாளில் அடுத்தவர் வீட்டை எதற்கு அழிக்க வேண்டும் என்று மனசுக்குப் பட்டது. "வுடு பாய், அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்" என்றேன். நான் செய்த தப்பு அதுதானோ என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. ஆயுத பூஜை வந்தது.

அந்த வருஷப் பூஜை எங்களுக்குச் சாதாரணப் பூஜை இல்லை. என் மகள் கவிதா எட்டு மாதக் கர்ப்பிணி, எங்கள் வீட்டில் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை கரு கலைந்து போயிருந்தது. இந்தத் தடவை படுக்கையை விட்டு அதிகம் எழக்கூடாது, பயப்படக் கூடாது, அதிரக் கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் மனைவி சரோஜா அந்தப் பிள்ளைக்காக வேண்டிக் கொண்டுதான் பூஜையே போட்டாள்.

மற்றவர்கள் பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. நாலு சக்கரத்துக்கும் முன்னால் குங்குமம் தடவிய பழத்தை வைத்துவிட்டு, சாவியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூவுக்கு அடியில் வைத்துவிடுவோம். மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை முடிந்துதான் எடுப்போம், அதுவரை யாரும் தொடக்கூடாது. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஒரு நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு வருஷா வருஷம் எழுதுவேன். அன்று எழுதியது 41206.

சாப்பிட்டு எல்லோரும் படுத்திருந்தோம். மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். கவிதா ஜன்னலோரம் தூங்கிக் கொண்டிருந்தாள், ஜன்னலுக்கு வெளியே சந்தில் வேன். அப்போது அந்தப் பெட்டியின் பெண் குரல் கேட்டது. "டர்ன் லெஃப்ட்."

எழுந்து போய் வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரை எரிந்து கொண்டிருந்தது. மேப்பில் அம்புக்குறி எங்கள் சந்தை விட்டு வெளியே போய்க் கொண்டிருந்தது. வேன் நின்ற இடத்தில்தான் நிற்கிறது, சாவி சாமிக்கு முன்னால் இருக்கிறது.

பாய்க்குப் போன் போட்டேன். "சாவி போடாம செவப்பு ஒயர்ல கரண்டே வராதுண்ணே, அது எப்டி பேசும்? பண்டிகை நாள்ல கலாய்க்காதண்ணே" என்றார். போனை வேன் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பெட்டியின் குரலைக் கேட்க வைத்தேன். "சீட்டத் தூக்கி மஞ்ச ஒயர புடுங்கிடுண்ணே" என்றார்.

சீட்டைத் தூக்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறக்கச் சாவி வேண்டும். பிள்ளைக்காக வேண்டிக் கொண்டு வைத்த பூஜை, பாதியில் சாவியை எடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? கை வரவில்லை. தானாக நின்றுவிடும் என்று கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்தபடி அங்கேயே நின்றேன். அம்பு மந்தைவெளி தாண்டியது, ஆற்றுப் பாலம் தாண்டியது, அடையாறு, திருவான்மியூர். சிக்னல் வந்தால் நின்று நின்று போனது, அதை என்னவென்று சொல்ல. கொட்டிவாக்கத்தில் அந்த வீட்டுப் படத்தின் மேல் போய் நின்று, வந்து சேர்ந்தாயிற்று என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் குரல் அடங்கியது.

அப்பாடா என்று கும்பிட்டேன். ஒரு ஆள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து ஏறி உட்காருகிற நேரம்தான் இருக்கும். அம்பு திரும்பியது. சேர வேண்டிய இடத்தைக் காட்டும் கொடி திரையில் இப்போது எங்கள் சந்தில் நட்டிருந்தது. எங்கள் வீட்டை அந்தப் பெட்டியில் யாரும் போட்டு வைத்ததே கிடையாது.

திருவான்மியூர் தாண்டியது. அடையாறு வந்தது. எனக்கு வேட்டி நனையாத குறை. ஜன்னலுக்கு உள்ளே கவிதா புரண்டு படுத்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"யாரு நைனா வர்றாங்க?"

அவ்வளவுதான். உள்ளே ஓடிப் பூவைத் தள்ளிச் சாவியை எடுத்தேன். சரோஜா எழுந்துவிட்டாள்.

"யோவ், இன்னாய்யா பண்றே? புள்ளைக்கோசரம் வேண்டிக்கினு வச்சதுய்யா! கைய எடு!"

"புள்ளைக்கோசரம்தான்டி எடுக்கறேன்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. கதவைத் திறந்தேன், சீட்டைத் தூக்கினேன், மஞ்சள் ஒயரைப் பிடித்து இழுத்தேன். கடைசியாகப் பார்த்தபோது அம்பு ஆற்றைக் காட்டும் நீலக் கோட்டின் மேல், பாலத்துக்கு நடுவில் இருந்தது. திரை அணைந்தது.

அன்று முழுக்க சரோஜா என்னிடம் பேசவில்லை. சாவியைத் திரும்ப வைத்து, தாயே மன்னித்துவிடு என்று அழுதேன். மறுநாள் மறுபூஜை முடித்து, வண்டியை எடுக்கும் முன்னால் குனிந்து பார்த்தேன். நாலு பழமும் நசுங்காமல், குங்குமம் கலையாமல் அப்படியே இருந்தன. சக்கரம் ஒரு இஞ்சுகூட நகரவில்லை. ஏறி உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தேன். 41220.

நோட்டை நாலு தடவை புரட்டிப் பார்த்தேன். பாயிடம் கேட்டேன். "இந்த மீட்டருக்கு ஒயரே கெடையாதுண்ணே. சக்கரம் சுத்துனாதான் கேபிள் சுத்தும், கேபிள் சுத்துனாதான் நம்பர் ஏறும்" என்றார். பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல், எங்கள் சந்திலிருந்து கொட்டிவாக்கம் அந்தத் தெருமுனை வரை போய், உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பி, பாலத்து நடு வரை அளந்து பார்த்தேன். பதினாலு.

பெட்டியைப் பாயே வந்து கழற்றிக் கொண்டு போனார். ஓட்டையில் முருகர் படம் ஒட்டியிருக்கிறேன். அம்பாள் புண்ணியத்தில் கவிதாவுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. கற்பகம் என்று பெயர் வைத்தோம், நன்றாக ஓடி விளையாடுகிறாள். பூஜையைக் கலைத்ததற்குச் சாமி கோபித்துக் கொள்ளவில்லை. அந்தப் பயம் போய்விட்டது. போகாதது இன்னொன்று. வந்து கொண்டிருந்தது யாரோ, பாவம், என் மகளுக்கு என்ன செய்ய வந்தார்களோ, இல்லை, சும்மா ஒரு வீட்டைத் தேடித்தான் வந்தார்களோ. நான் அவர்களை ஆற்றுக்கு மேல் நடுவழியில் விட்டுவிட்டேன்.

ஆம்னியில் கூரை விளக்கு ஒன்று உண்டு, கதவு திறந்தால் எரியும், மூடினால் அணையும். அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் வரும்போது, அந்தத் திசையில் மட்டும், பாலத்து நடுவில் அது ஒரு தடவை எரிந்து அணைகிறது. கதவெல்லாம் மூடித்தான் இருக்கும். பாய் மூன்று தடவை பார்த்துவிட்டார், ஒயரில் கோளாறு இல்லை என்கிறார். பல்பைக் கழற்றிவிடவா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் நான் வண்டியை நிறுத்துவதில்லை. ஆனால் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறேன்.