பின் சீட்டில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ

எங்கள் கடையில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். உட்காருவது. விசாரிக்கிறவர்களிடம் மேலாளர் என்று சொல்லிக்கொள்வேன்; அண்ணனும் பெருந்தன்மையாக அதை மறுத்ததில்லை. ஆனால் காரியம் என்று வந்தால் நான் பின் சீட்டின் வலது மூலையில் உட்காருகிற ஆள். அண்ணி மேசைக்குப் பின்னால் உள்ள சுவரில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: தம்பி – 112. கிலோ.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது அண்ணியைப் பற்றி.

எங்களுடையது கார் வீல் கடை. விலையுயர்ந்த நீளமான காரை வாங்கிய கையோடு, கம்பெனி போட்டுக்கொடுத்த பதினெட்டு இன்ச் வீலைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாகப் போட வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும். அவர்கள் எங்களிடம் வருவார்கள். அண்ணன் கைவேலையில் சூரர், ஆனால் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார். இருபது கேட்டால் இருபது, இருபத்தொன்று கேட்டால் இருபத்தொன்று.

அண்ணி அதற்கு முன் ஒன்பது வருடம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். ஆட்களின் மூக்கையும் காதையும் மில்லிமீட்டரில் அளந்து பழகியவர். எங்கள் கடைக்கு அவர் வந்தது போன் எடுக்க மட்டும்தான். வந்த இரண்டாவது மாதம், அண்ணன் ஜம்மென்று இருபது இன்ச் மாட்டி அனுப்பிய கார் ஒன்று திரும்பி வந்தது. காலியாக ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. குடும்பத்தோடு ஏறியதும் பின்பக்கம் இறங்கி, டயர் மட்கார்டு விளிம்பில் உரசி உரசி உள்ளே இருக்கும் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

அண்ணி அந்த டயரைத் தடவிப் பார்த்தார். அண்ணனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். மறுநாளிலிருந்து வருகிறவர்களிடம் "எத்தனை இன்ச்?" என்று கேட்பதை விட்டுவிட்டு "பின்னாடி யார் யார் உக்காருவாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்பதோடு விடுவதும் இல்லை. அந்தக் கனத்துக்கு ஆட்களை ஏற்றி, டிக்கியில் சாமான் வைத்து, மட்கார்டின் உள்விளிம்பில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஒட்டி, தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொல்வார். திரும்பி வந்ததும் டயர் பட்டு அமுங்கிய இடத்தில் களிமண் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். களிமண் ஒரு பென்சில் கனத்துக்காவது மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் வண்டி போகும். இல்லையென்றால், வந்தவர் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் ஒரு அளவு இறங்கியே ஆக வேண்டும்.

எடை விஷயத்தில் ஜனங்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பதை அண்ணி ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். யார் எவ்வளவு சொன்னாலும் மனத்துக்குள் எட்டுப் பத்தைக் கூட்டிக்கொள்வார். கூட்ட வேண்டாத ஆள் நான் ஒருவன். பார்த்த வேலை எதிலும் ஒரு வருடம் தாண்டாமல் நான் வீட்டில் குந்தியிருந்த காலம் அது. அண்ணி கூப்பிட்டு எடை மெஷினில் ஏறச் சொன்னார், எழுதிக்கொண்டார், காரில் ஏறச் சொன்னார். அன்று முதல் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. என் இடுப்புக்குப் பின்னால்தான் சக்கரம் சுற்றும். லேசாகத் தொட்டாலும் "உரசுது அண்ணி" என்பேன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

போன வருடம் டாக்டர் என்னை உட்காரவைத்து இரண்டு வார்த்தை சொன்னார். மறுநாள் காலையிலேயே நடக்க ஆரம்பித்தேன். எட்டு மாதத்தில் பதினான்கு கிலோ கரைந்தது. உலகத்தில் வேறு எவனாக இருந்தாலும் தெருவில் நின்று சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. கனம்தான் என் வேலை. கனம் போனால் நான் எதற்கு? என் மனைவி பேண்ட்டுகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். சட்டைகளை மட்டும் தொளதொளவென்றே விடச் சொன்னேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இளைப்பு தெரியாது, அண்ணிக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் கட்டட கான்டிராக்டர் கறுப்புக் காரோடு வந்தார். கேட்டது இருபத்தொன்று.

"வீல் பெருசானா டயர் மெலியணும், மொத்த உசரம் மாறக் கூடாது. இருபத்தொண்ணுக்குப் போடுற டயர் அப்பளம் மாதிரி இருக்கும். குழியில விழுந்தா வீல்தான் அடி வாங்கும்" என்றார் அண்ணி. "பின்னாடி யார் யாரு?"

"அப்பா, அம்மா, எங்க அண்ணன். நாளைக்குக் காலைல மலைக்குக் கிளம்புறோம். அண்ணன் கொஞ்சம் கனம், நூறு இருப்பாரு."

"சரி, இருபது போட்டுப் பாக்கலாம்."

போட்டார்கள். கறுப்புக் காருக்கு அந்த வீல் அமைந்த அழகைப் பார்த்து எங்கள் அண்ணனே இரண்டடி பின்னால் போய் நின்றார். அந்த அண்ணன்காரருக்குப் பதிலாக நான் ஏறினேன். வேகத்தடையில் சத்தமே இல்லை. களிமண் பென்சில் கனத்துக்குச் சரியாக மிஞ்சியிருந்தது. அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணி கான்டிராக்டருக்குப் போன் செய்தார். "நூத்திப் பன்னெண்டு கிலோ ஆளை உக்கார வச்சே பாத்துட்டேன். தைரியமா எடுத்துட்டுப் போங்க."

எனக்குக் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. பின் சீட்டில் வயதான இரண்டு பேர், மலைப்பாதை, நூறு என்று சொல்லி நூற்றுப்பத்து இருக்கக்கூடிய ஒரு ஆள். அந்த நூல் தெரிந்த டயர் கண்ணுக்குள்ளேயே நின்றது. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

"அண்ணி, நான் நூத்திப் பன்னெண்டு இல்ல."

"பின்ன?"

"தொண்ணூத்தெட்டு."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார், பிறகு சட்டையைப் பார்த்தார். "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார். எட்டு என்றேன். அந்த எட்டு மாதத்தில் என்னை ஏற்றிப் பார்த்து அனுப்பிய கார்களின் பட்டியலை எடுத்துவரச் சொல்லிவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு ஒரு புது பேட்டரியை என் மடியில் வைக்கச் சொன்னார். பேட்டரி பதினான்கு கிலோ. எட்டு மாதம் நடந்து கரைத்தது அத்தனையும் ஒரு நொடியில் தொடை மேல் வந்து உட்கார்ந்தது.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது என் காதுக்குக் கீழே "சர்ர்" என்று இழுத்தது.

"உரசுது அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சாயங்காலம் கான்டிராக்டர் வந்தபோது காரில் பத்தொன்பது இன்ச் வீல் இருந்தது. மனிதர் குதித்தார். "மத்தியானம் சரின்னு சொன்னீங்களே?"

"தப்பாச் சொன்னேன். எடையைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன், தப்பு என்மேலதான். இப்பச் சரியாச் சொல்றேன், பத்தொம்போது."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. ஊர் முழுக்க மில்லிமீட்டருக்குப் பெயர் வாங்கிய மனுஷி, எனக்காக அந்தப் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். கான்டிராக்டர் முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பத்து நாளும் அண்ணி பட்டியலில் இருந்த பதினேழு கார்களையும் ஒவ்வொன்றாக வரவழைத்துப் பேட்டரியோடு என்னை ஏற்றிப் பார்த்தார். எதிலும் உரசவில்லை. பதினேழாவது காரிலிருந்து இறங்கிய பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

மறுநாள் கடைக்குப் போனால் இரண்டு மணல் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் 56 என்று எழுதியிருந்தது. கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியாதா? சுவரைப் பார்த்தேன். 112 அழிக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டுப் பையை மேசையில் வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, நிக்கிறீங்க? வண்டி காத்துட்டிருக்கு, ஏறுங்க."

"மூட்டை வந்துருச்சே அண்ணி. நான் எதுக்கு?"

அண்ணி களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மூட்டைக்குக் காது இருக்கா? இத்தனை வருஷமா உங்க கனத்தை நம்பியா வண்டியை அனுப்பினேன்? உரசுதுன்னு நீங்க சொல்ற ஒரு வார்த்தையை நம்பித்தான். அதுல நீங்க ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்ல. அன்னிக்கும் பொய் சொல்லல."

அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்லா இளைச்சிருக்கீங்க. முகமே தெளிஞ்சிருக்கு. இதைப் போய் மறைப்பாங்களா?" என்றார்.

பையை மேசையில் வைக்கக் குனிந்தபோதுதான் சுவரில் கீழே, தேதி போட்டு, பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: தம்பி – 98. பக்கத்தில் அடுத்த மாதத்துக்கு இடம் விட்டிருந்தார்.

போய் மூட்டைகளுக்குப் பக்கத்தில், வலது மூலையில் உட்கார்ந்தேன். அண்ணி கதவைச் சாத்தினார்.