மருந்து வைக்காத மூன்று பெட்டிகள்

போர் முடிந்த அடுத்த வருடம் வன்னியிலிருந்து பாரிசுக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. லா ஷப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. வேலை ஒப்பந்தப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் எனக்கு விசா கிடைக்க வழி பிறக்கும் என்றார்கள். நிரப்பிக் கொடுத்தேன். சில நாட்களில் கேட்டபோது, “அவக்காட்டிட்டைக் குடுத்திட்டன் தம்பி, இனி அந்த வக்கீலின்ரை வேலை” என்றார். அதை நம்பி இரண்டு வருடம் ஓடியது.

அந்த இரண்டு வருடமும் என் திங்கட்கிழமை விடுமுறைகள் ஓல்னே-சூ-புவா என்ற புறநகரில் அண்ணை வீட்டுப் பின்வளவில்தான் கழிந்தன. அங்கே மூன்று தேனீப் பெட்டிகள் இருந்தன. அவை அவருடைய மனைவியுடையவை. அக்கா நகரசபை நடத்திய வகுப்புக்குப் போய்ப் பழகியவர். ஒருமுறை கொட்டு வாங்கி மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனபின், பெட்டிக்குக் கிட்டவே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் குசினி யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, வகுப்புக் கொப்பியைப் பார்த்துத் தொலைபேசியில் அக்கா வாசிக்க, வெளியே நான் செய்வேன். தேனை அண்ணை கடையில் வைத்து, தான் வளர்த்த தேனீக்களின் தேனென்று சொல்லி விற்பார்.

தேனீயைப் பிடிக்கும் உண்ணி ஒன்று உண்டு. குண்டூசித் தலையளவு, செம்மண் நிறம். தேனடையின் மூடிய அறைக்குள் புழுவோடு இருந்து அதை உறிஞ்சிப் பெருகும். கோடை முடிவில் தேன் எடுத்த கையோடு, பெட்டிக்குள் அடை தொங்கும் சட்டங்களுக்கு நடுவே மருந்துப் பட்டிகளைத் தொங்கவிட வேண்டும். தவறினால், குளிரைத் தாண்ட வேண்டிய தேனீக்கள் சிறகு சுருங்கிப் பிறக்கும்.

மூன்றாவது ஆகஸ்டில் மருந்துப் பொதி கடைக்கு வந்திருந்தது. அதை எடுக்கக் கல்லாவுக்குக் கீழே குனிந்தேன். ஊதுபத்திப் பெட்டிகளுக்கு அடியில் நான் பெயர் எழுதிக் கொடுத்த உறை கிடந்தது. உள்ளே என் படிவம். அவர் ஒப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவரிடம் போனேன்.

“அண்ணை, என்ரை போர்ம் அவக்காட்டிட்டையோ இருக்கு?”

“ஓம், அங்கைதான் கிடக்கு. போன கிழமையும் கதைச்சனான். நீ அவசரப்படாதை.”

முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அந்த இடத்திலேயே கன்னத்தில் அறைந்திருப்பேன். ஆனால் பொலிஸ் வந்தால் விசா இல்லாத என்னைத்தான் கொண்டுபோவார்கள். மரக்கறிப் பெட்டிகளை அடுக்கப் போனேன்.

திங்கட்கிழமை அக்கா வழமைபோல யன்னலில் நின்றார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடிகளைத் திறந்தேன். பட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே வைப்பதுபோலக் குனிந்து, என் ஜக்கெற் பைக்குள் போட்டேன்.

“எல்லாம் வைச்சிட்டீங்களோ?”

“ஓம் அக்கா. பெட்டிக்கு ரெண்டு.”

எல்லாவற்றையும் ஓல்னே ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு ரயில் ஏறினேன்.

ஒக்டோபரில் பறக்க முடியாத தேனீக்கள் புல்லில் ஊர்ந்தன. சிறகுகள் கசங்கிய தாள் போல இருந்தன. அக்காவின் கண்ணில் படாதபடி சப்பாத்தால் ஒதுக்கினேன். அண்ணையின் தேன் இப்படியே போகட்டும் என்று நினைத்தபோது மனது குளிர்ந்தது. நவம்பரில் அந்தக் கடையை விட்டு, ஒரு பிரெஞ்சுக்காரரின் உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். அவர் இரண்டாம் மாதமே என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்தபோது அண்ணை மேலிருந்த ஆத்திரம் இன்னும் கூடியது.

மார்ச்சில் அக்கா அழைத்தார். “தம்பி, நல்ல வெயில் எறிக்குது, ஒண்டும் பறக்கேல்லை. ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?”

உண்மையைச் சொன்னால், நான் செய்த வேலையைப் பார்க்கத்தான் போனேன். முதல் பெட்டியில் ஒரு கைப்பிடி அளவு தேனீக்கள் ஒட்டியபடி செத்திருந்தன. பக்கத்துச் சட்டங்களில் தேன் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் அதே கதி.

“குளிரோ தம்பி?” என்று தொலைபேசியில் கேட்டார் அக்கா.

ஓம் என்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அண்ணை அதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“குளிரில்லை. நான் மருந்து வைக்கேல்லை. அண்ணை என்ரை போர்மைக் கல்லாவுக்குக் கீழை போட்டுவைச்சுக்கொண்டு ரெண்டு வருஷம் பொய் சொன்னவர். அதுக்குத்தான் செய்தனான். அவரிட்டைச் சொல்லுங்கோ.”



“அதுகள் என்ரை பூச்சியெல்லோ தம்பி” என்றார் அக்கா. பிறகு யன்னல் திரையை இழுத்து மூடினார்.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணை தொலைபேசி எடுத்தார். வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். கடைசியில், “ஒரு கையெழுத்துக்காகவோடா இவ்வளவும் செய்தனி?” என்றார்.

“ஓம். ஒரு கையெழுத்துக்காகத்தான்.”

அவருடைய குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கேட்கத்தான் ஏழு மாதம் காத்திருந்தேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

விசா கிடைத்த பிறகு ஒரு தேர்த் திருவிழாவில், ஃபொபூர் சேன்-தெனி தெருவில் அக்காவைக் கண்டேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். நாலைந்து அடி நெருங்கியும் விட்டேன். ஆனால் பக்கத்தில் அண்ணை நின்றார். அவர் பார்த்திருக்க என்னால் தலை குனிய முடியாது. சனத்துக்குள் புகுந்து மற்றப் பக்கமாகப் போய்விட்டேன்.