ஒரே சமையல்காரர் மண்டபம்

கல்யாண மண்டபத்து மேனேஜருக்குப் பாதி வேலை "முடியாது" என்று சொல்வது; மீதி வேலை, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்தபடி கனாக் காண்பது. தி.நகரில் எங்கள் மண்டபத்தில் சமையலுக்கும் பூவுக்கும் பரமசிவம் ஒருவர்தான். முதலாளியோடு ஒப்பந்தம். வெளியாள் அடுப்பைத் தொடக் கூடாது. இப்படி யாரோ போட்ட ஒப்பந்தத்துக்கு வாசல் காக்கும் சகோதரர்களே, உங்களுக்கு என் அனுதாபங்கள்.

வெளிப் பூ

மயிலாப்பூர் மாமி ஒருவர் மாட வீதியில் வாங்கிய இரண்டு மாலைகளோடு வந்தார். வெளிப் பூ கூடாது என்றேன். மாமி ஒன்றைத் தன் கழுத்திலும் மற்றதை மாமா கழுத்திலும் போட்டுவிட்டு உள்ளே நடந்தார். மல்லிகை வாசனையில் நான் சொக்கி நின்றுவிட்டேன். மாமி திரும்பிப் பார்த்தார்.

"வேணும்னா கழுத்தோட சேத்து நிறுத்திக்கோங்கோ!"

பெண்ணின் அப்பா

திருவான்மியூர் வேலாயுதம் ஒரு காலத்தில் எங்கள் மண்டபத்தில் மாதம் நாலு கல்யாணத்துக்குச் சமைத்தவர். ஒப்பந்தம் வந்த பிறகு வாசற்படி மிதிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் மண்டபத்தையே பிடித்துவிட்டதால், இப்போது பெண்ணின் அப்பாவாக வந்து நின்றார். பாயசம் மட்டும் தன் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

பழக்கதோஷம், "முடியாது" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. சமையல்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணாவது அடுப்பு இன்னும் எடப்பக்கம் மட்டுந்தான் எரியுதா சார்?"

ஒரு நாள் ஆள்

வேலாயுதம் நேரே பரமசிவத்திடம் போய், "ஒரே ஒரு நாளைக்கு என்னை உங்க ஆளா வெச்சுக்கோங்க" என்றார். தன்னால் பிழைப்பு அடைபட்டவரே கூலியாளாக வந்து நின்றால் பரமசிவம் என்ன செய்வார்? முதுகில் தன் பெயர் போட்ட மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

விடியற்காலையில் ஏலக்காய் மணம் என் நாற்காலி வரை வந்தது. கண்ணை மூடினேன். ஒப்பந்தம் என்று ஒன்று போடப்படவே இல்லை, பழைய மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. கொலுசுச் சத்தம் கேட்டு விழித்தால், கல்யாணப் பெண் சமையல்கட்டு வாசலில் நிற்கிறாள். அப்பாவின் முதுகில் இருந்த பெயரைப் படித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாப்பா, அவரு சட்டையப் போட்டுக்கினு நிக்கிற?"

வேலாயுதம் கரண்டியை நிறுத்தவில்லை.

"சட்டதான் கண்ணு அவரோடது. பாயசம் நம்முது."

அன்று பரமசிவமே இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்; அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, "ஒரு நாள் ஆளும் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.